சாவியோட வந்த அந்த தாத்தாவுக்கு நன்றி

போன ஞாயித்துக்கிழமை தடாவுல இருந்து சூலூர்பேட்டை போறப்ப மழை பிடிச்சுக்கிச்சு, நானும் அம்மாவும் வழியில ஒரு பழைய லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபை) சர்ச் வாசல்ல ஒதுங்கினோம், பூட்டி இருந்துச்சு. எதிர் வீட்டு தாத்தா ஒருத்தர் குடையும் சாவியுமா வந்து "உள்ள வாம்மா, நனையாத"ன்னு தெலுங்கு கலந்த தமிழ்ல கூப்பிட்டாரு.

சுவத்துல கை வச்சு பாருன்னாரு. சுண்ணாம்பு பூச்சு, அவ்ளோ ஜில்லுன்னு வழவழன்னு. ஜன்னல் ஆழத்துல என் முழங்கை வரைக்கும் போகுது! பிரசங்க மேடை ஏன் இவ்ளோ உயரம்னு கேட்டேன், லுத்தரன்ல பைபிள் வசனம்தான் முக்கியம், கடைசி பெஞ்ச் வரைக்கும் குரல் கேக்கணும்ல, அதுக்குன்னாரு.

தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தையும் அவசியம் பாக்க சொன்னாரு. 1718-ல ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் கட்டினது, சிலுவை வடிவம், அப்ப தரங்கம்பாடி டென்மார்க்காரங்க கையில இருந்ததால முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் ஃப்ரெடெரிக்கோட கிரீட முத்திரை இருக்கும், அடுத்த வருஷமே இறந்துபோன சீகன்பால்க்கை அதுக்குள்ளயேதான் அடக்கம் பண்ணாங்களாம்.

மழை விட்டதும் கிளம்பிட்டோம், பேரு கூட கேக்கல. தாத்தா, ரொம்ப ரொம்ப நன்றி. இத்தனை வருஷமா பஸ்ல தாண்டிப் போன இடத்தை எங்களுக்கு திறந்து காட்டினீங்க. அடுத்த மாசம் அம்மாவை தரங்கம்பாடி கூட்டிட்டு போறேன்.