விளக்கம் சொல்லாமல் கூட இருந்தவர்களுக்கு

அன்பானவர்களே,

மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்களைத் தாங்கியவர்களுக்கு எழுத வேண்டும் என்று உட்காருவேன், "எல்லாருக்கும் நன்றி, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். அந்த ஒரு வரியில் உங்களில் ஒருவர் முகமும் தெரியவில்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கொடுத்த தம்பி தங்கைகள். கீமோ ஏற ஏற தட்டணுக்கள் மளமளவென்று இறங்கிவிடும், வெளியிலிருந்து ஏற்றாவிட்டால் உடம்புக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்துவிடும், ஆனால் ஒருவரிடம் எடுத்த பிளேட்லெட்டைப் பொதுவாக ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. போன மாதம் கிடைத்தது இந்த மாதத்துக்கு உதவாது, திரும்பத் திரும்பப் புது ஆள் வேண்டும். பரீட்சைக்கு நடுவில் வந்தவர் உண்டு. இரவு வேலை முடித்து நேராக வந்து, ஊசியைப் பார்க்கப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டே படுத்திருந்தவரும் உண்டு. உங்களில் சிலருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. நான் "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்" என்றபோது "சரிக்கா, சொல்லிக்கோங்க" என்று சிரித்தீர்கள். உங்களை அனுப்பியதும் அவர்தான் என்று நான் நம்புகிறேன், நீங்கள் இல்லை என்று சொல்லலாம், எனக்கு வருத்தமில்லை.

அப்புறம் சாப்பாடு. வேதத்தில் வரும் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது வந்த தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, எழுந்து சாப்பிடு என்றான், அதையும் இரண்டு தடவை. நீங்களும் வாசலில் வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

எங்கள் போதகரிடம் ஒரு நாள், "ஐயா, எனக்கு ஜெபமே வரவில்லை, முழங்கால் போட்டால் கோபம்தான் வருகிறது" என்றேன். விசுவாசம் குறைந்துவிட்டதே என்று கடிந்துகொள்வார் என்று பார்த்தால், "சரிம்மா, ஜெபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ பிள்ளையைப் பார்" என்றார். மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில், நடக்க முடியாமல் கிடந்த ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் தூக்கி வந்து, கூட்டத்தில் வழியில்லாமல் கூரையைப் பிரித்து இறக்குவார்களே, அங்கே இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்றுதான் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அந்த மாதங்களில் நான் அப்படித்தான் கிடந்தேன், தூக்கியது சபையார்.

ஜெபக்குழுவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர் (நீங்கள்தான் அம்மா) என்னிடம் வேதத்தின் ஜெபப்பாடல்களில் 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிக்கச் சொன்னார்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவுக்குள் எங்காவது ஒரு திருப்பம் வந்துவிடும், நம்புவேன், துதிப்பேன் என்று. இதில் அது வருவதே இல்லை, கடைசி வசனத்திலும் அந்த ஆள் தனியாகத்தான் நிற்கிறார். ஆனால் முதல் வரியில் அவர் கூப்பிடுவது தன் இரட்சிப்பின் தேவனை. சண்டை போட்டாலும் அவரிடமே போடலாம், அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வந்த ஆறுதல் எந்த வாக்குத்தத்த வசனத்திலும் அதுவரை வரவில்லை.

மறைவான பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை செய்யுங்கள் என்று சொன்னவர்களும் வந்தார்கள். உண்மையான விசுவாசம் இருந்தால் மருந்தை நிறுத்துங்கள் என்றுகூட ஒருவர் சொன்னார். எங்கள் மருத்துவர் அன்றைக்குப் பொறுமையாக எங்களோடு பேசியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, அவருக்கு இந்த ஒன்றுக்காகவே தனியாக நன்றி சொல்ல வேண்டும். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள், அதுவரை நன்றாகத்தான் போனது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல், அவரோடு அத்தனை வாதாடிய யோபு நிதானமாய்ப் பேசினான் என்கிறார். வார்டுக்கு வெளியே என் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, காரணம் எதுவும் சொல்லாமல் போன உங்கள் எல்லாருக்கும் நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

சாட்சி சொல்லுங்கள், ஜெபம் ஜெயித்ததைச் சொல்லுங்கள் என்று இப்போது கேட்கிறார்கள். அந்த வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை. எங்கள் பக்கத்துப் படுக்கையில் இருந்த பையனின் அம்மா என்னைவிட அதிகமாக ஜெபித்தவர், நான் தூங்கும்போது என் மகளுக்கும் சேர்த்து ஜெபித்தவர். அவர் மகன் பிழைக்கவில்லை. என் பிள்ளைக்கு ஆண்டவர் கொடுத்தார், அவர் பிள்ளைக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, பதில் வைத்திருப்பவர்களை நான் நம்புவதும் இல்லை. பையனை அடக்கம் செய்த சில நாட்களில் அவர் போன் செய்து, "பாப்பாவுக்கு ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சொன்னேன். "கர்த்தர் நல்லவர்" என்றார், அப்புறம் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. நம்பிக்கை என்றால் என்ன என்று என் பிள்ளை குணமானதைப் பார்த்து நான் கற்கவில்லை அக்கா, உங்களைப் பார்த்துத்தான் கற்றேன். இந்த மடலில் பாதி உங்களுக்குத்தான்.

மகள் இப்போது, நோய் திரும்பாமல் இருக்க மருந்து தொடரும் பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறாள். முழுச் சிகிச்சையும் முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், தினமும் மாத்திரை உண்டு, காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் ஓட வேண்டும். முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருளாக. ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். பிளேட்லெட் கொடுக்க முடிந்தவர்கள் ரத்த வங்கியில் உங்கள் எண்ணைக் கொடுத்து வையுங்கள், அந்த வார்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று, எங்கள் சமையலறை முழுக்க உங்கள் பாத்திரங்கள்தான். எது யாருடையது என்று ஒன்றும் தெரியவில்லை. வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கள்.