ரத்தம் தேடி அலைவதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

பைபாஸ் ஆபரேஷன் பற்றிய உங்கள் கட்டுரையில், ரத்தம் கொடுக்க ஆள் தேடி சொந்தக்காரர்கள் படும் பாட்டை விரிவாக எழுதியிருந்தீர்கள். எல்லாம் உண்மைதான், ஆனால் அந்த ரத்தத் தேவையையே குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று எனக்கு வருத்தம்.

நான் இதய ஆபரேஷன் ஐசியுவில் நர்ஸாக இருந்தவள். நோயாளி தியேட்டரிலிருந்து வந்ததும் எங்கள் கண் நெஞ்சிலிருந்து இறங்கும் டியூப் மேல்தான் இருக்கும், மணிக்கு மணி எத்தனை மில்லி ரத்தம் வடிந்திருக்கிறது என்று சார்ட்டில் எழுதுவோம், அது குறையாமல் ஏறிக்கொண்டே போனால் அதே ராத்திரியில் மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். வெளியே நிற்பவர்கள் டாக்டர் சரியாகத் தைக்கவில்லை என்பார்கள். சில சமயம் தையலும் காரணம்தான். ஆனால் ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினுக்குள் ரத்தம் ஓடி வருவதால், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் வேலையும் உடம்புக்குள் வேகமெடுத்துவிடுகிறது.

அதைத் தடுப்பதுதான் டிரானெக்சாமிக் ஆசிட். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமான பெண்களுக்குக் கொடுக்கிறார்களே, அதே மருந்து, விலையும் குறைவு. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் கண்டுபிடித்தது. 2017-ல் வெளியான பெரிய ஆய்வில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட 4,600-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். ரத்தக்கசிவால் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டியது 2.8 சதவீதத்திலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. வலிப்பு மட்டும் கொஞ்சம் கூடியது, 0.1-லிருந்து 0.7 சதவீதம். அதனால் டோஸ் விஷயத்தில் கவனம் வேண்டும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் அதிகமாக.

இதற்கு முன்னால் பல வருஷம் அப்ரோடினின் என்ற மருந்தும் புழக்கத்தில் இருந்தது. ரத்தக்கசிவை நன்றாகவே குறைத்தது. ஆனால் கனடாவில் நடந்த ஆய்வில் அதைப் பெற்றவர்களில் 6 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள், அதோடு ஒப்பிட்ட டிரானெக்சாமிக் ஆசிட், அமினோகாப்ராயிக் ஆசிட் என்ற இரண்டு மருந்துகளில் அது 4 சதவீதம் அளவில்தான் இருந்தது. 2007-ல் விற்பனையை நிறுத்தினார்கள், பிறகு ஐரோப்பாவில் கட்டுப்பாடுகளோடு திரும்ப வந்தது. ரத்தம் நின்றால் போதும், ஆள் பிழைத்துவிடுவார் என்று நினைக்க முடியாது என்பதால்தான் இதையும் எழுதுகிறேன்.

அடுத்த கட்டுரையில் இரண்டு விஷயம் சேருங்கள். குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தவே கூடாது. அப்புறம், ரத்தக்கசிவைக் குறைக்க என்ன மருந்து கொடுப்பீர்கள் என்று டாக்டரிடம் தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை