வலிப்போடு வரும் மறதியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் வலிப்பு நோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் வலிப்பு உள்ளவர்களின் வீட்டில் அன்றாடம் படுகிற ஒரு கஷ்டத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. ஞாபக மறதியைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு இருப்பது பொட்டு மடல் வலிப்பு. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுக்கு உள்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியில் தொடங்குவது. கீழே விழுந்து கை கால் இழுப்பது அவளுக்கு அபூர்வம். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பாள், சப்புக் கொட்டுவாள், விரல்கள் துணியை நிமிண்டிக்கொண்டிருக்கும். இது வலிப்பு என்று தெரியவே எங்களுக்கு வெகு காலம் ஆனது. அவளுடைய மறதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று புரிய அதற்கு மேலும் ஆனது. அதற்குள் பள்ளியிலிருந்து 'கவனம் போதாது', 'அக்கறை இல்லை' என்று எத்தனை குறிப்புகள்!

பொட்டு மடலின் உள்மடிப்பில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்ன உறுப்பு இருக்கிறது. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. இன்று நடந்ததை, புதிதாகப் படித்ததை நீடித்த நினைவாக மாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. இந்த வகை வலிப்பு உள்ள பலருக்கு அந்த இடத்தில்தான் நரம்பணுக்கள் அழிந்து, தழும்பு போல இறுகிச் சுருங்கியிருக்கும். எம்.ஆர்.ஐ. படத்திலேயே அது தெரியும். ஆக, வலிப்பு கிளம்பும் இடமும் நினைவு பதியும் இடமும் ஒன்றாகிவிடுகிறது. இடப் பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலும் சொற்கள், பெயர்கள், படித்த பாடம் தங்குவதில்லை. வலப் பக்கமானால் முகம், வழி, இடம் போன்றவற்றில் சிரமம் வரலாம். ஆனால் இது இடப் பக்கத்தைப் போல அவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியது அல்ல.

ஹிப்போகாம்பஸுக்கும் நினைவுக்கும் உள்ள இந்தத் தொடர்பை மருத்துவ உலகம் புரிந்துகொண்டது ஒரு வலிப்பு நோயாளியால்தான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் 1953-இல் ஹென்றி மோலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பை நிறுத்துவதற்காக வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு நடந்த எதுவுமே அவருக்கு மனத்தில் நிற்கவில்லை. கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்து அவரைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது ஆள்தான். அறிவு குறையவில்லை, பேச்சு குறையவில்லை, சிறு வயது நினைவுகளும் இருந்தன. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. ஆனால் அப்படி ஒன்றைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. 1957-இல் ஸ்கோவிலும் மில்னரும் இதை எழுதி வெளியிட்டார்கள். 2008-இல் 82 வயதில் இறக்கும் வரை அவர் அப்படியேதான் வாழ்ந்தார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப்போகிறது.

அதனால்தான் இப்போது ஒரு பக்கம் மட்டுமே எடுக்கிறார்கள். அதுவும் எந்தப் பக்கம் நினைவைத் தாங்குகிறது என்று முதலில் சோதித்துவிட்டு. நம் பக்கத்திலும் இந்தச் சிகிச்சை புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யில் 1949-இல் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மில்னர் பணியாற்றிய அதே மான்ட்ரியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்றவர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1995-லிருந்து இதற்கென்றே தனித் திட்டம் நடக்கிறது.

சரி, அறுவை சிகிச்சை தேவைப்படாதவர்கள்? என் மகள் போன்றவர்கள்தான் அதிகம். இவர்களுடைய நினைவாற்றலைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. 'ஃபிட்ஸ் வந்ததா, மாத்திரை போடுகிறாயா' என்பதோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொட்டு மடல் வலிப்பு உள்ள சிலர் பாடத்தை நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். அரை மணி நேரம் கழித்துக் கேட்டாலும் சொல்வார்கள். சில நாட்கள், வாரங்கள் போனதும் அது மற்றவர்களைவிட வேகமாகக் கரைந்துபோகும். வழக்கமான நினைவுச் சோதனைகள் அரை மணி நேரத்தோடு நின்றுவிடுவதால் இது அவற்றில் அகப்படாது. ராத்திரி கடகடவென்று ஒப்பித்த பிள்ளை மாதத் தேர்வில் முழிக்கிறதென்றால், அது சோம்பேறித்தனம் என்று சொல்வதற்கு முன் ஆசிரியர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தால் பலன் இருக்கிறது. என் மகளிடம் அதைப் பார்க்கிறேன்.

வலிப்பு உள்ள எல்லோருக்கும் மறதி வரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். வகையைப் பொறுத்தது அது. சில மாத்திரைகளாலும் மந்தம் வரும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக் கேட்கலாம். நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு கட்டுக்குள் இல்லாவிட்டால் நினைவுக்கும் அது கெடுதல்.

உங்கள் அடுத்த கட்டுரையில் ஒரு நரம்பியல் உளவியலாளரிடம் பேசி, நினைவுச் சோதனை என்றால் என்ன, அரசு மருத்துவமனையில் அதை எப்படிக் கேட்டுப் பெறுவது, பள்ளிக்கு என்ன சான்று கொடுக்கலாம் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். அதை வெட்டி எடுத்துப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுக்க என்னைப் போல நிறையப் பெற்றோர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
தஞ்சாவூர்