ஆறாம், ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: வடிவியல் சொற்கள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஆறாம், ஏழாம் வகுப்புகளில் இப்போது வடிவியல் நடக்கிறது. கூட்டல், பெருக்கலில் கெட்டியாக இருக்கும் பிள்ளைகள்கூட இங்கே வந்ததும் திணறுகிறார்கள். விடைத்தாள்களைப் புரட்டினால், கணக்குத் தெரியாமல் விட்டதைவிடக் கேள்வியில் உள்ள சொல் பிடிபடாமல் விட்டதுதான் அதிகம். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கோடு. இரு பக்கமும் முடிவில்லாமல் போவது கோடு. ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் போய்க்கொண்டே இருப்பது கதிர். இரண்டு முனைகள் உள்ளது கோட்டுத்துண்டு. அளவுகோல் வைத்து அளக்க முடிவது இதை மட்டும்தான். வீட்டில் நாம் "6 செ.மீ.க்கு ஒரு கோடு போடு" என்போம், அது பரவாயில்லை. விடைத்தாளில் கோட்டுத்துண்டு என்றே எழுதட்டும்.

கோணத்தில்தான் பெரிய சிக்கல். 90 பாகைக்குக் குறைந்தால் குறுங்கோணம், சரியாக 90 என்றால் செங்கோணம், 90க்கு மேல் 180க்குள் விரிகோணம். இதை எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள். கோணமானியைக் கையில் கொடுத்ததும் கதை மாறிவிடும். அதில் எண்கள் இரண்டு வரிசையாக, எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. 50 இருக்கும் இடத்திலேயே 130ம் இருக்கும். எதைப் படிப்பது? அளப்பதற்கு முன்பே, பார்த்தவுடன் அது குறுங்கோணமா விரிகோணமா என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குறுங்கோணம் என்று சொன்ன பிறகு 130 என்று எழுதக் கை வராது.

சுவர்க் கடிகாரத்தையும் பயன்படுத்தலாம். 3 மணிக்கு முட்கள் செங்கோணத்தில் நிற்கும். 3:30க்கு? பெரும்பாலும் மறுபடி செங்கோணம் என்றே பதில் வரும். சின்ன முள் அதற்குள் 3-இலிருந்து 4-ஐ நோக்கிப் பாதித் தூரம் நகர்ந்திருக்கும், எனவே 75 பாகைதான்.

இரண்டு கோணங்களின் கூடுதல் 90 என்றால் அவை நிரப்புக் கோணங்கள், 180 என்றால் மிகை நிரப்புக் கோணங்கள். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்கும் தெரியவில்லை.

முக்கோணத்துக்குப் பக்கத்தை வைத்து ஒரு பெயர், கோணத்தை வைத்து ஒரு பெயர். சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம் என்பவை பக்கத்தைப் பார்த்து வைத்தவை. 90, 45, 45 பாகை உள்ள முக்கோணம் செங்கோண முக்கோணமும்தான், இருசமபக்க முக்கோணமும்தான். 3, 4, 8 செ.மீ. பக்கங்களில் ஒரு முக்கோணம் வரையச் சொல்லிப் பாருங்கள். கவராயத்தால் (காம்பஸால்) போடும் வில்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது. ஏன் என்று அவர்களே சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

உங்களில் கட்டட வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று நூல் பிடிப்பீர்களே, அந்த 5 அடிதான் பாடத்தில் வரும் கர்ணம். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி ஒருமுறை காட்டுங்கள். எங்கள் கரும்பலகையைவிட நன்றாகப் பதியும்.

அப்புறம், இந்தச் சொற்களைப் பத்துப் பத்து முறை எழுதச் சொல்ல வேண்டாம். ஜாமெட்ரி பாக்ஸ் புதிதாக வாங்கவும் தேவையில்லை. அண்ணன், அக்கா வைத்திருந்ததே போதும். கோணமானியில் எண்கள் அழியாமலும், கவராயத்தின் திருகு ஆடாமலும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்