காசு கொடுத்து இடம் வாங்கிய அரசர்

ஆசிரியருக்கு வணக்கம். பண்டைய கொரிய மன்னர்கள் என்றாலே போர்களைத்தான் பேசுகிறோம். பெக்ஜே நாட்டை 501 முதல் 523 வரை ஆண்ட முர்யோங்கையும் பேச வேண்டும். 506-இல் பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்துவிட்டார். 510-இல் நீர்க்கரைகளைப் பலப்படுத்தி, வேலையின்றித் திரிந்தவர்களை உழவுக்கு அனுப்பினார்.

1971-இல் கோங்ஜு நகரில் வடிகால் வேலையின்போது அவருடைய கல்லறை தற்செயலாகக் கிடைத்தது. கொள்ளையர் கை படவே இல்லை! வாசலில் தலையில் இரும்புக் கொம்புடன் ஒரு கல் விலங்கு. பக்கத்தில் கல்வெட்டுப் பலகை, அதன்மேல் ஒரு கட்டுக் காசு. கல்லறைக்கான இடத்தை நிலத் தெய்வங்களிடம் விலைக்கு வாங்கியதாக அதில் எழுதியிருக்கிறது. அரசரே ஆனாலும் மண்ணுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள்! இத்தனை அரிய கல்லறையை அகழாய்வு செய்தவர்கள் ஒரே இரவில் அவசரமாக அள்ளி முடித்துவிட்டார்களே என்பதுதான் என் மனக்குறை.

– ஒரு வாசகர்