தளத்தின் வேலையை வருபவர் தலையில் கட்டாதீர்கள்

இணையதளங்களைக் கட்டிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பக்கம் திறக்க நேரமாகிறது என்று யாராவது சொன்னால், "உங்கள் நெட் ஸ்லோவாக இருக்கும், பாருங்கள்" என்று பதில் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பல நேரம் அவர் இணைப்பில் குறையே இருக்காது. நம் சர்வர்தான் அப்போது வேறு வேலையில் மூழ்கியிருக்கும்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு தளத்தின் லாகில் (சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில்) இதை நேரில் பார்த்தேன். ஒரே பக்கம்: 0.4 வினாடி, 0.4, 0.5, திடீரென்று 11 வினாடி, அப்புறம் மறுபடி 0.4. அந்த 11 வினாடி காத்திருந்தவர், அறிவிப்பு மின்னஞ்சல்கள் போக வேண்டிய நேரம் கடந்த பிறகு முதலில் வந்தவர், அவ்வளவுதான். வரிசையில் இருந்த அத்தனை மின்னஞ்சலையும் அனுப்பி முடித்த பிறகே அவர் கேட்ட பக்கத்தைத் தளம் கொடுத்தது.

தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸின் கிரானும் (குறித்த நேரத்து வேலைகளைத் தொடங்கிவைக்கும் பகுதி) தானாக ஓடும் கடிகாரம் இல்லை. யாராவது வந்தால்தான், நேரம் கடந்த வேலை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் தன் சர்வருக்கே இன்னொரு கோரிக்கை அனுப்பித் தொடங்கிவைக்கும். வந்தவர் அது முடியும்வரை நிற்க வேண்டியதில்லைதான். ஆனால் அந்தக் கோரிக்கையும் ஒரு பிஎச்பி வொர்க்கரை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் புரோசஸை, பிடித்துக்கொள்ளும். இந்த வொர்க்கர்களை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மோடு வரும் மாதிரி அமைப்பில் மொத்தமே 5 வொர்க்கர்தான். இரண்டு மூன்று வேலைகள் இழுத்துக்கொண்டே போனால், பக்கம் கேட்டு வருபவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியும், அமைப்பை மாற்றாமல் விட்டால் இப்படித்தான், வருகிற கோரிக்கைகளை ஒட்டியே தன் வேலைகளை முடித்துக்கொள்ளும்.

சர்வரிலேயே நேரப்படி ஓடும் கிரான் வைக்க அனுமதி இல்லாதவர்களின் தளமும் ஓட வேண்டும் என்பதற்கான நல்ல ஏற்பாடு அது. வசதி இருப்பவர்களும் அப்படியே விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் வருத்தம்.

சர்வரின் லினக்ஸ் கிரானில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த வேலைகளை ஓடவிடுங்கள். அது ஓடுகிறது என்று உறுதியானதும், பக்கம் திறக்கும்போது ஓடுவதை நிறுத்துங்கள். வேர்ட்பிரஸில் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். முதலிலேயே நிறுத்திவிட்டால், நேரம் குறித்து வைத்த பதிவுகள் வெளியாகாமல் கிடக்கும். மின்னஞ்சல், படங்களைச் சிறிதாக்குவது போன்றவற்றைத் தனி வரிசையில் போட்டு, தனி வொர்க்கரிடம் விட்டுவிடலாம்.

இதோடு முடிவதில்லை. கிரானுக்கு மாற்றினாலும் டிஸ்க் ஒன்றுதான், டேட்டாபேஸ் ஒன்றுதான். பேக்கப் எடுக்கும்போது டேபிள்கள் பூட்டப்பட்டால், படிவத்தை நிரப்பி அனுப்பியவர் சுற்றும் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் ஒரு சேமிப்பு முறை) டேபிள்கள் என்றால் ஒரே டிரான்சாக்‌ஷனில் பேக்கப் எடுங்கள், தொடங்கிய கணத்தின் நிலையையே படிக்கும் என்பதால் பூட்டு தேவைப்படாது. நைஸ் கட்டளையால் அந்த வேலையின் முன்னுரிமையையும் குறைத்துவிடுங்கள். எல்லா வேலையையும் சரியாக நள்ளிரவு 12 மணிக்கே வைக்காமல், ஒன்றை 12:17, இன்னொன்றை 1:40 என்று தள்ளி வையுங்கள்.

அடுத்த முறை யாராவது "திறக்கவே மாட்டேங்குது" என்று சொன்னால், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அந்த நிமிடத்து லாகைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு தளத்தைப் பார்த்துக்கொள்பவர்