தகரப் பெட்டியில் கிடந்த சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, மருமகள், பாப்பா மூவரும் நலமா? உன் முகத்தைப் பார்த்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். காலையில் வாட்ஸ்அப்பில் வணக்கம் வருகிறதே, அது போதாதா என்கிறாள் அம்மா. எனக்குப் போதவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஊரில் மழை இன்னும் பிடிக்கவில்லை. கிணத்து வீட்டு விவகாரம் அப்படியே கிடக்கிறது, சாத்தூர் சித்தப்பா இறங்கி வருவதாக இல்லை. மாடித் தொட்டியின் கசிவை அடைத்தாயிற்று. அம்மா கையில் வளையல் இல்லை. வெயிலுக்கு அரிக்கிறது, கழற்றி வைத்திருக்கிறேன் என்கிறாள். சரி என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் பரணை ஒழித்தபோது நம் காமிக்ஸ் தகரப் பெட்டியை இறக்கினேன். அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. மேலாக இருந்தது தங்கக் கல்லறை, கேப்டன் டைகரின் கௌபாய் கதை. பின் துருப்பிடித்து, நடுப்பக்கம் கழன்று கையோடு வந்துவிட்டது. ஓரத்தில் உன் எண்ணெய் விரல் தடம். முறுக்கு தின்றுகொண்டே படிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது அந்தத் தடத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து முழுதும் படித்தேன். ஷார்லியே எழுதி ஜிரோ வரைந்த கதை. சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972-ல்தான் பிரெஞ்சில் இது புத்தகமாக வந்திருக்கிறது. அந்த வருஷம் எனக்கு 18 வயது, இரும்புக்கை மாயாவிக்காகக் கடை வாசலில் நின்றவன். கேப்டன் டைகருக்கு பிரெஞ்சில் ப்ளூபெர்ரி என்று பெயர் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாயாவி என்னுடையவர், டைகர் உன்னுடையவர் என்று நாம் பங்கு பிரித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

கதை உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். அந்த ஜெர்மன்காரன் லக்னர் சிறைக்குள் கிடக்கிறான். காவலுக்கு இருப்பது நம் ஜிம்மி. தங்கச் சுரங்கம் இருக்கிறது, உனக்கும் பங்கு என்று கம்பிக்குப் பின்னால் இருந்து லக்னர் பேசிப் பேசியே கரைக்கிறான். கடைசியில் ஜிம்மி கதவைத் திறந்துவிடுகிறான். டைகரின் முதுகுக்குப் பின்னால், அத்தனை வருஷச் சிநேகிதன். சின்ன வயதில் உனக்கு அந்த இடத்தில் ஜிம்மி மேல் கோபம் கோபமாக வரும். எனக்கு வந்ததே இல்லை. ஏன் என்று நீ கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

அந்தச் சுரங்கம் வெறும் கற்பனை இல்லை. அரிசோனாவில் பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலை என்று ஒன்று இருக்கிறது. ஜேக்கப் வால்ட்ஸ் என்று ஒரு ஜெர்மன்காரர் அங்கே தங்கம் கண்டார், 1891-ல் இடத்தைச் சரியாகச் சொல்லாமலே செத்துப்போனார் என்று ஒரு கதை. ஊர்க்காரர்கள் அவரை டச்சுக்காரர் ஆக்கிவிட்டார்கள். அதிலிருந்து இன்றுவரை ஆட்கள் தேடிப் போகிறார்கள், சிலர் திரும்பி வரவில்லை. அது எரிமலைக் குழம்பு இறுகிய மலை, தங்கம் கிடைக்கிற வகை இல்லை என்று மண் படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லி யார் கேட்டார்கள்?

நீ இருக்கிற நாட்டையே எடுத்துக்கொள். உன் சிநேகிதனிடம் இரவல் வாங்கி வந்தாயே, அங்கிள் ஸ்க்ரூஜ் இங்கிலீஷ் புத்தகம், கார்ல் பார்க்ஸ் 1953-ல் எழுதி வரைந்த க்ளாண்டைக் கதை. அந்த க்ளாண்டைக் உங்கள் கனடாவின் வடமேற்கு மூலைதான். 1896 ஆகஸ்டில் ஒரு ஓடையில் தங்கம் கண்டார்கள். செய்தி பரவியதும் 1,00,000 பேர் போலக் கிளம்பினார்கள். ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும், கிட்டத்தட்ட ஒரு டன், கையில் இருந்தால்தான் எல்லையில் போலீஸ் உள்ளே விடும். அதை முதுகில் சுமந்து சில்கூட் கணவாய்ப் பனியில் ஏறி, இறக்கி வைத்துவிட்டு, இறங்கி வந்து மறுபடி ஏறி, ஒரே ஆள் இருபது முப்பது தடவை. அந்த ஃபோட்டோவைப் பார்த்திருப்பாய், வெள்ளை மலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. போய்ச் சேர்ந்தவர்கள் 30,000-லிருந்து 40,000 வரை. அவர்கள் சேர்வதற்குள் நல்ல ஓடைகள் எல்லாம் முந்தி வந்தவர்கள் பேரில் பதிவாகிவிட்டன. சம்பாதித்தது பெரும்பாலும் மண்வெட்டியும் மாவும் விற்றவர்கள்தான்.

போன தடவை நீ வந்திருந்தபோது கோவில் பிரகாரத்தில்கூட ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பச்சையும் சிவப்புமாக ஒரு கோடு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் வேலை என்றாய். நான் கேட்கவில்லை. ராத்திரி 2 மணிக்கும் உன் அறையில் வெளிச்சம் இருந்தது. நேரத்துக்குத் தூங்கு தம்பி. நேரத்துக்குச் சாப்பிடு. உனக்குச் சின்ன வயதிலிருந்தே பசி தாங்காது, தூக்கம் கெட்டால் தலைவலி வந்துவிடும்.

உன்னைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த மாடி நீ எழுப்பியது. தெருவில் யார் கேட்டாலும் என் பையன் என்று சொல்லும்போது குரல் தானாக உயர்கிறது, அம்மா கிண்டல் செய்கிறாள். ஆனால் உன்னிடம் ஒரு குணம் உண்டு. ஜுரம் வந்தாலும் இறங்கிய பிறகுதான் சொல்வாய். ப்ளஸ் டூவில் கணக்குப் பரிட்சை சரியாக எழுதவில்லை என்பதை ரிசல்ட் வருகிற வரை வீட்டில் சொல்லவே இல்லை. இதை மட்டும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாய். தப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூப்பிட வேண்டும், நல்ல சேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மின்னும் மரணம் என்ற டைகர் புத்தகத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலத்துக்காரர்கள் ஒளித்து வைத்த 5,00,000 டாலர். டைகர் அதிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை, ஆனால் திருடன் என்று அவனைத்தான் ஜெயிலில் போட்டார்கள். அந்தப் பேரைத் துடைக்க அவன் எத்தனை புத்தகம் அலைகிறான்! தொடாத பணத்துக்காக இன்னொருவன் தண்டனை அனுபவிப்பதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும். அந்த இடத்தில் எனக்கு உன் முகம்தான் வரும்.

பெட்டியின் அடியில், விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே, ஒரு ரோஸ் சீட்டு இருந்தது. நான் வைத்ததுதான். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று வைத்தேன், பிறகு நானே அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன். கார்பன் எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் படிக்கலாம். சங்கிலி 1. எடை 32 கிராம். ரூ. 10,000. 1997. கீழே என் கையெழுத்து.

அம்மாவின் 4 பவுன் சங்கிலி உன் காலேஜ் ஃபீஸுக்காகப் போனது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை தம்பி. உன் ஃபீஸை பி.எஃப். கடன் வாங்கிக் கட்டினேன். சங்கிலியை வைத்து வாங்கிய பணத்தை ஒரு நிதி நிறுவனத்தில் போட்டேன். அடகுக்கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி, அங்கே நூற்றுக்கு 3 ரூபாய் தருகிறேன் என்றார்கள். மாதம் 100 ரூபாய் சும்மா நிற்கும் என்று ஒரு அட்டையின் பின்னால் கணக்குப் போட்டேன். ஐந்து மாதம் தேதி தவறாமல் கொடுத்தார்கள். ஆறாவது மாதம் போனபோது ஷட்டரில் பூட்டுத் தொங்கியது. வாசலில் எனக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர். ஒரு அம்மா படியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ரசீதை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

வட்டி கட்ட முடியாமல் சங்கிலி மூழ்கிவிட்டது. அம்மாவிடம் அன்றைக்கே எல்லாம் சொன்னேன், அவள் கழுத்தில் கிடந்ததாயிற்றே. பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றேன். நீ சங்கிலி எங்கே என்று கேட்டபோது உன் படிப்புக்கு என்று அவளைச் சொல்லவைத்ததும் நான்தான். அன்றிலிருந்து நீ சினிமாவுக்குப் போவதை நிறுத்தினாய். ஹாஸ்டலில் ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாய் என்று பின்னால் தெரிந்தது. 2003-ல் 5 பவுன் சங்கிலி வாங்கி வந்து, "எனக்காகப் போனதும்மா, இந்தா" என்று அவள் கையில் வைத்தாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேன் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கக்கூட இத்தனை வருஷம் எனக்கு வாய் வரவில்லை.

ஜிம்மி மேல் எனக்கு ஏன் கோபம் வராது என்று கேட்டாயே, இதுதான். கதவைத் திறந்துவிடுகிற நேரத்தில் அவன் மனதில் என்ன கணக்கு ஓடியது என்று எனக்குத் தெரியும். டைகரை ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். சீக்கிரம் போய், கை நிறையக் கொண்டுவந்து, எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருப்பான். அடுத்து வந்த கதைகளை எடுத்துப் பார், அவன் பழையபடி டைகர் பக்கத்தில்தான் நிற்கிறான். டைகர் அவனை விட்டுவிடவில்லை.

புத்தகத்தைப் பார்சலில் அனுப்புகிறேன். கழன்ற நடுப்பக்கத்தை நூல் போட்டுத் தைத்திருக்கிறேன். சீட்டையும் உள்ளே வைத்திருக்கிறேன், நீ வைத்துக்கொள்ளலாம், கிழித்தும் போடலாம். அம்மா பருப்புப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் வரும்.

அன்றைக்கு எனக்காக அவள் ஒரு பொய் சொன்னாள். இப்போது வளையல் அரிக்கிறது என்கிறாள். நான் அவளைத் துருவிக் கேட்கப்போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே ராத்திரி 8 மணிக்கு, உனக்குக் காலை, நான் ஃபோன் பக்கத்திலேயே இருப்பேன். அம்மா அந்த நேரம் கோவிலுக்குப் போயிருப்பாள். வீடியோ வேண்டாம் என்றால் குரல் போதும்.

அன்புடன்,
அப்பா